ஓபஸ் மேக்னம்: லூப் உடைகிறதா, இழுக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

ஸாக்ட்ரானிக்ஸ் 2017இல் வெளியிட்ட ஓபஸ் மேக்னம், இயந்திரக் கைகளால் அணுக்களை நகர்த்திப் பிணைத்து, கேட்ட பொருளை ஆறு முறை செய்துகொடுக்கும் ரசவாதப் புதிர் விளையாட்டு. இதில் ஒரு புதிரை எப்படியோ முடித்துவிடுவது பெரிய வேலையில்லை. இடம் தாராளமாக இருக்கிறது, பணத்துக்கு வரம்பில்லை, கடிகாரமும் துரத்தாது. தலைவலி அதற்குப் பிறகுதான். ஒரு சுற்று அழகாக ஓடிய இயந்திரம் இரண்டாம் சுற்றில் முட்டி நிற்கும். அல்லது ஆறு பொருளையும் கொடுத்துவிட்டு, கடைசியில் மற்றவர்களோடு ஒப்பிட்டுக் காட்டும் வரைபடத்தில் சைக்கிள் (ஒரு கட்டளை நடக்கும் நேரம்) கணக்கில் வலக்கோடியில், அதாவது மெதுவானவர்கள் பக்கம் போய் உட்காரும்.

இந்த விளையாட்டில் சிவப்பாக ஒளிரும் இடத்தில் பிழை இருப்பது அபூர்வம். முட்டல் நடந்த சைக்கிளுக்குப் பத்துச் சைக்கிள் முன்னால் ஒரு கை காலியாகப் பிடித்திருக்கும், அல்லது போன சுற்றில் ஓர் அணு மிச்சமாகியிருக்கும். அதனால் கீழே எல்லாம் அறிகுறியில் தொடங்கிப் பின்னோக்கிப் போகிறது. கட்டளைப் பெயர்கள் திரையில் இருப்பவைதான்: கிராப் (பிடி), டிராப் (விடு), ரொட்டேட் (கையைச் சுழற்று), பிவட் (பிடித்ததை அதே இடத்தில் திருப்பு), எக்ஸ்டெண்ட் (நீட்டு), ரிட்ராக்ட் (சுருக்கு), ரீசெட் (தொடக்க நிலைக்குத் திரும்பு), ரிப்பீட் (முந்தையதைத் திரும்பச் செய்).

முதலில், லூப் எப்படி எண்ணப்படுகிறது

ஒவ்வொரு கைக்கும் தனி டேப், அதாவது கட்டளை வரிசை. ஆனால் சுற்றின் நீளம் எல்லாக் கைகளுக்கும் ஒன்றே. எந்த டேப் மிக நீளமோ அதன் நீளம்தான் முழு இயந்திரத்தின் லூப் நீளம். குட்டை டேப் கொண்ட கைகள் தங்கள் வேலையை முடித்துவிட்டு, நீள டேப் முடியும்வரை சும்மா நிற்கும்.

டேப்பின் நீளம் என்பது முதல் கட்டளையிலிருந்து கடைசிக் கட்டளைவரை. நடுவில் விட்ட வெற்றிடம் கணக்கில் சேரும்; முதல் கட்டளைக்கு முன்னால் விட்ட வெற்றிடம் சேராது. அந்த முன் வெற்றிடம் ஒரே ஒரு முறைதான் நடக்கிறது. 4ஆம் சைக்கிளில் தொடங்கும் கை, லூப் நீளம் 20 என்றால் 24, 44, 64 என்று தொடங்கிக்கொண்டே போகும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் சைக்கிள் குறைப்பில் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று. சுற்று முடிந்தால் இயந்திரம் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. கை எங்கே நிற்கிறதோ, எதைப் பிடித்திருக்கிறதோ, கட்டங்களில் என்ன கிடக்கிறதோ, அந்த நிலையிலிருந்தே அடுத்த சுற்று கிளம்பும்.

அறிகுறி: முதல் சுற்று சுத்தம், இரண்டாவதில் முட்டல்

ஓட்டத்தை நிறுத்தி, ஒவ்வொரு சைக்கிளாக நகர்த்தி, இரண்டாம் சுற்றின் முதல் கட்டளை நடக்கும் முன் நிறுத்துங்கள். அந்தத் திரையைத் தொடக்க நிலையோடு ஒப்பிடுங்கள். மூன்று விஷயம் பார்த்தால் போதும்: கைகளின் திசை, கிரிப்பர் (கை நுனியிலுள்ள பிடி) மூடியிருக்கிறதா, கட்டங்களில் கூடுதலாக என்ன கிடக்கிறது.

கை திசை மாறியிருந்தால், அந்த டேப்பில் வலச்சுழற்சியையும் இடச்சுழற்சியையும் எண்ணிக் கழியுங்கள். விடை 0 அல்லது 6இன் மடங்காக இருக்க வேண்டும். மூன்று முறை வலம் போய் இரண்டு முறை இடம் வந்த கை ஒவ்வொரு சுற்றிலும் 60 பாகை நழுவிக்கொண்டே போகும். டேப்பின் கடைசியில் ரீசெட் போட்டால் இது தீரும். ரீசெட் ஒரு கட்டளையாகத் தெரிந்தாலும், திரும்பத் தேவையான அத்தனை அசைவுகளாகவும் அது விரிகிறது. அத்தனை சைக்கிளையும் தின்னும். திருத்தும்போது ரீசெட் நல்ல தோழன். சைக்கிளைக் குறைக்க உட்காரும்போது அதை எடுத்துவிட்டு, தேவையான அசைவுகளை நீங்களே எழுதுவது மேல். கை பிடித்திருப்பதையும் ரீசெட் விட்டுவிடும் என்பதால், எதையாவது தூக்கியபடி அடுத்த சுற்றுக்குள் நுழைய வேண்டிய கையில் அதைப் போடவே கூடாது.

ஆறு கிரிப்பர் உள்ள கை ஒன்றில் இந்த நழுவலே ஆதாயம். ஒற்றைக் கையின் அடிப்படை வேலை கிராப், ரொட்டேட், டிராப், ரொட்டேட்: நான்கு சைக்கிள். ஆறு கிரிப்பர் உள்ள கையில் கடைசித் திரும்பலே வேண்டாம். கிராப், ரொட்டேட், டிராப் என்று மூன்றே கட்டளை. அடுத்த கிரிப்பர் ஏற்கெனவே இன்புட்டின் (மூலப்பொருள் தோன்றும் இடம்) மேல் வந்து நிற்கும். விலை 20க்குப் பதில் 30, லூப் 4க்குப் பதில் 3. எச்சரிக்கை ஒன்றுதான்: ஆறு கிரிப்பரும் ஒரே நேரத்தில் மூடும். வளையத்தில் வேறு எந்த அணு கிடந்தாலும் அதையும் அள்ளிக்கொண்டு போகும்.

அறிகுறி: மூன்று நான்கு பொருள் வந்தபின் முட்டல்

நேரம் மெல்ல விலகுகிறது என்று முதலில் தோன்றும். லூப் நீளம் பொது என்பதால் டேப்புகள் ஒன்றுக்கொன்று விலகவே முடியாது. தாமதமாக வரும் முட்டலுக்குக் காரணம் பெரும்பாலும் சரக்குக் கணக்கு.

ஒரு சுற்றுக்கு எத்தனை அணு உள்ளே வருகிறது, அவுட்புட்டில் (முடிந்த பொருளைக் கொடுக்கும் இடம்) எத்தனை போகிறது, கிளிஃபில் (அணுக்களை மாற்றும், பிணைக்கும் குறியிட்ட கட்டங்கள்) எத்தனை கரைகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ப்ரொஜெக்‌ஷனில் ஒரு பாதரசம் கரைந்து உலோகம் ஒரு படி ஏறும். பியூரிஃபிகேஷனில் ஒரே உலோகத்தின் இரண்டு அணு போய் அடுத்த படி உலோகம் ஒன்று வரும். அனிமிஸ்மஸில் இரண்டு உப்பு போய் இரண்டு வேறு அணு வரும். வரவும் செலவும் சமமாகாத இடத்தில் மிச்சம் தேங்கும். தேங்கியது மூன்றாம் சுற்றிலோ நான்காம் சுற்றிலோ ஒரு கையின் பாதையில் வந்து நிற்கும்.

மிச்சம் தவிர்க்க முடியாத புதிர்களும் உண்டு. டிஸ்போசல் கிளிஃப் கிடைத்தால் பிணைப்பில்லாத தனி அணுவாக அதில் விடலாம். கிடைக்காவிட்டால், ஆறு பொருள்தான் வேண்டும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்: மிச்சத்தைச் சங்கிலியாகப் பிணைத்து ஓர் ஓரமாகத் தள்ளிக்கொண்டே போனால், அது எதையும் முட்டும் முன் புதிர் முடிந்துவிடும். ஏரியா (இயந்திரம் பிடிக்கும் இடம்) கணக்கில் அடி விழும், சைக்கிளில் விழாது. பார்க்கக் குப்பையாகத்தான் இருக்கும். விதிப்படி அதில் தவறில்லை.

அறிகுறி: கை அசைகிறது, ஆனால் கிரிப்பரில் எதுவும் இல்லை

காலிக் கட்டத்தில் கிராப் செய்தால் விளையாட்டு எந்தப் பிழையும் காட்டாது. கை வெறுமனே மூடி, சுழன்று, திறக்கும். இதனால்தான் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க நேரமாகிறது.

அணு வர வேண்டிய சைக்கிளுக்கு ஒன்று முன்னாலோ பின்னாலோ கிராப் விழுந்திருக்கும். அந்தக் கையின் டேப் முழுவதையும் தேர்ந்தெடுத்து ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்த்திப் பாருங்கள். நடுவில் வெற்றிடம் செருகாதீர்கள். முழு டேப்பை நகர்த்தினால் லூப் நீளம் மாறாது, நடுவில் செருகினால் மாறலாம்.

ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு அணு மாறும் இடத்தில், முதல் கை டிராப் செய்யும் அதே சைக்கிளில் இரண்டாம் கை கிராப் செய்யலாம். அடுத்த சைக்கிளுக்குத் தள்ளி வைத்தால் ஒவ்வொரு கைமாற்றிலும் ஒரு சைக்கிள் வீண். இரண்டு கையும் பிடித்திருக்கும்போது ஒன்று மட்டும் அசைந்தாலோ, இரண்டும் வேறு வேறு பக்கம் இழுத்தாலோ உடனே பிழை. அந்தப் பிழை வந்தால் முதல் கையின் டிராப் ஒரு சைக்கிள் தாமதம் என்று பொருள்.

அறிகுறி: அணு சரியான கட்டத்தில் இருக்கிறது, கிளிஃப் வேலை செய்யவில்லை

கிளிஃப்களை இரண்டு வகையாகப் பிரித்து நினைவில் வையுங்கள். பிணைக்கும், பிரிக்கும், தனிமம் மாற்றும் வகை கையில் பிடித்திருந்தாலும் வேலை செய்யும்: பாண்டிங், மல்டி பாண்டிங் (இரண்டும் பிணைப்பவை), அன்பாண்டிங் (பிரிப்பது), கால்சிஃபிகேஷன் (உப்பாக்குவது), டூப்ளிகேஷன் (உப்பைப் பக்கத்து அணுவின் பிரதியாக்குவது). இவற்றின் மேல் டிராப் செய்து மறுபடி கிராப் செய்வது இரண்டு சைக்கிளைத் தூக்கி எறிவது. புதிதாக வருபவர்களின் டேப்புகளில் அடிக்கடி காணும் விரயம் இதுதான்.

அணுவைக் கரைக்கும் வகைக்கு, கரைய வேண்டிய அணு விடுபட்டிருக்க வேண்டும், எதனோடும் பிணைந்திருக்கவும் கூடாது. பியூரிஃபிகேஷன், அனிமிஸ்மஸ், டிஸ்போசல் இந்த வகை. ப்ரொஜெக்‌ஷன் பாதி பாதி: பாதரசத்தை விட்டாக வேண்டும், உலோகத்தைப் பிடித்தபடியே வைத்திருக்கலாம், அது பெரிய மூலக்கூறின் பகுதியாகவும் இருக்கலாம்.

புது அணுவை உண்டாக்கும் கிளிஃப்களில் விளைவு வரும் கட்டம் காலியாக இருக்க வேண்டும். போன சுற்றின் விளைவு இன்னும் எடுக்கப்படாமல் கிடந்தால் கிளிஃப் மௌனமாகக் காத்திருக்கும். இங்கே பழி கிளிஃபின் மேல் இல்லை, விளைவை எடுக்க வர வேண்டிய கையின் மேல்.

அறிகுறி: பொருள் அவுட்புட்டில் உட்கார்ந்திருக்கிறது, எண்ணிக்கை ஏறவில்லை

கை இன்னும் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். அது சாதாரணக் காரணம். அடுத்தது திசை. மூலக்கூறு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை எண்ணியே சொல்லிவிடலாம்: பிடித்ததிலிருந்து விடும்வரை நடந்த ரொட்டேட், பிவட் எல்லாவற்றையும் வலத்துக்கு கூட்டல், இடத்துக்குக் கழித்தல் என்று கணக்கிட்டு 6ஆல் வகுத்த மீதி. மீதி 2 என்றால் 120 பாகை திரும்பியிருக்கிறது. கை தண்டவாளத்தில் நகர்வதும் பிஸ்டன் கை நீள்வதும் திசையை மாற்றா.

திசை தவறென்றால் டேப்பில் பிவட் சேர்க்க ஓடாதீர்கள். அவுட்புட்டையே திருப்பி வைக்கலாம், இன்புட்டையும் அப்படியே. அதற்கு ஒரு சைக்கிளும் ஆகாது. எழுதி முடித்த டேப்பில் எங்கெல்லாம் பிவட் இருக்கிறதோ அங்கெல்லாம், அவுட்புட்டைத் திருப்பினால் இது தேவைப்படுமா என்று கேட்டுப் பாருங்கள். தனி அணுவைப் பிடித்தபடி செய்யும் பிவட்டுக்கு எந்த விளைவும் இல்லை. கண்ணில் பட்டால் நீக்கிவிடுங்கள்.

திசையும் சரி, கையும் விட்டாயிற்று, இன்னும் ஏறவில்லை என்றால் கூடுதல் பிணைப்பு ஒன்று ஒளிந்திருக்கும். பாண்டிங் கிளிஃபின் இரண்டு கட்டத்திலும் ஒரு சைக்கிள் முடிவில் அணுக்கள் நின்றால் போதும், நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பிணைந்துவிடும். கால்சிஃபிகேஷனும் அப்படித்தான்: வழியில் அதன்மேல் ஒரு சைக்கிள் நின்ற நெருப்பு உப்பாகிவிடும். ஆனால் கிளிஃப் பார்ப்பது நின்ற இடத்தை மட்டுமே, கடந்து போன இடத்தை அல்ல. நீளம் 2 அல்லது 3 உள்ள கை ஒரே சுழற்சியில் நடுவிலுள்ள கட்டங்களைத் தாண்டிப் போய்விடும். நீளம் கூடினாலும் கையின் விலை கூடாது என்பதால் இது இலவசமான மருந்து.

அறிகுறி: இடம் காலியாகத் தெரிகிறது, நடுவழியில் முட்டுகிறது

கைகள் ஒன்றையொன்று தாண்டலாம், அணுக்களின் மேலாகவும் போகலாம். முட்டுவது அணுவும் அணுவும், அணுவும் கையின் அடிப்பாகமும். சுழற்சி வில் வடிவில் நடப்பதால் தொடக்கக் கட்டமும் முடிவுக் கட்டமும் காலியாக இருந்தும் இடையில் உரசும். ஓர் அணு வெளியேறும் அதே சைக்கிளில் இன்னொன்று அந்தக் கட்டத்துக்குள் நுழைவது சில கோணங்களில் பிழைக்கும், சிலவற்றில் முட்டும்.

சைக்கிள் செலவில்லாத வழிகளை முதலில் முயலுங்கள். சுழற்சித் திசையை மாற்றுங்கள், அல்லது கையின் அடியை எதிர்ப்பக்கம் வையுங்கள். அடுத்தடுத்த இரண்டு கட்டங்களுக்குப் பொதுவான அண்டைக் கட்டங்கள் சரியாக இரண்டு; நீளம் 1 உள்ள கையை இரண்டில் எங்கு வைத்தாலும் அதே பயணம்தான், வில் மட்டும் மறுபக்கம் போகும். இவை உதவாதபோது ஒரு சைக்கிள் தாமதம்.

இன்புட் அருகே முட்டினால் வேறு கணக்கு. இன்புட்டின் எல்லாக் கட்டமும் காலியானதும் புதுச் சரக்கு தோன்றிவிடும். இரண்டு மூன்று அணு கொண்ட மூலப்பொருளை எடுத்துக்கொண்டு அதன் பழைய இடத்தின் வழியாகவே திரும்பி வருகிற கை, தன் பின்னால் தோன்றிய புதியதில் முட்டும்.

அறிகுறி: எல்லாம் ஓடுகிறது, சைக்கிள் மட்டும் குறையவில்லை

இதுதான் நேரம் செலவிடத் தகுந்த இடம். ஒரு சுற்றுக்கு ஒரு பொருள் என்றால் மொத்தச் சைக்கிள் இப்படி:

முதல் பொருள் வந்த சைக்கிள் + 5 × லூப் நீளம்

லூப்பில் ஒரு சைக்கிள் குறைத்தால் மொத்தத்தில் ஐந்து குறையும். முதல் பொருளை ஒரு சைக்கிள் முன்னால் கொண்டுவந்தால் ஒன்றுதான் குறையும். வரிசை இதிலேயே தெரிகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. ஈயத்தை ப்ரொஜெக்‌ஷனால் தங்கமாக்க வேண்டும். ஈயம், தகரம், இரும்பு, செம்பு, வெள்ளி, தங்கம்: ஐந்து படி, ஐந்து பாதரசம். பாதரசக் கை ஒன்று கிராப், ரொட்டேட், டிராப், ரொட்டேட் என்று ஐந்து முறை போய்வருகிறது. டேப் நீளம் 20. அது பாதரசத்தை விடுவது 3, 7, 11, 15, 19ஆம் சைக்கிள்களில். ஈயக் கை 1இல் கிராப், 2இல் ரொட்டேட் செய்து கிளிஃபில் நிற்கிறது. கடைசிப் பாதரசம் 19இல் கரைந்ததும் 20இல் ரொட்டேட், 21இல் அவுட்புட்டில் டிராப், 22, 23இல் இரண்டு ரொட்டேட் செய்து வீடு திரும்பல். ஈயக் கையின் டேப் 1 முதல் 23 வரை. லூப் நீளம் 23. மொத்தம் 21 + 5 × 23 = 136.

இந்த 23இல் பாதரசக் கை மூன்று சைக்கிள் சும்மா நிற்கிறது. ஈயக் கையும் 3 முதல் 19 வரை அசையாமல் நிற்கிறது. இரண்டு கையிலும் ஓய்வு இருந்தும் லூப் நீண்டிருந்தால், தவறு வேலையின் அளவில் இல்லை, அடுக்கிய விதத்தில்.

முதல் பாதரசம் கிளிஃபில் விழும்போது ஈயம் அங்கே இருந்தாக வேண்டுமா? வேண்டாம். தனியாக விடப்பட்ட பாதரசம் உலோகம் வரும்வரை அங்கேயே கிடக்கும். இரண்டாவது வருவதற்குள் கரைந்தால் போதும். ஆகவே ஈயக் கையின் கிராப், ரொட்டேட் இரண்டையும் மட்டும் 4, 5ஆம் சைக்கிள்களுக்கு நகர்த்துங்கள். 20 முதல் 23 வரை உள்ளவை அப்படியே இருக்கட்டும். இப்போது டேப் 4இல் தொடங்கி 23இல் முடிகிறது: நீளம் 20. முன்னால் உள்ள மூன்று வெற்றிடம் கணக்கில் இல்லை. 3இல் விழுந்த பாதரசம் 5இல் ஈயம் வந்ததும் கரைகிறது, 7இல் இரண்டாவது விழுகிறது. இரண்டாம் சுற்றில் பாதரசம் 23இல் விழும், ஈயம் 25இல் வந்து சேரும், அடுத்தது 27இல். முட்டல் இல்லை. முதல் தங்கம் அதே 21இல், லூப் மட்டும் 20. மொத்தம் 121. ஒரு பாகமும் சேர்க்காமல், ஒரு கட்டளையும் கூட்டாமல் பதினைந்து சைக்கிள் மிச்சம்.

இதற்கு மேல் போக பாகம் வேண்டும். எந்த இன்புட்டிலும் ஓர் அணுவைப் பிடிக்க ஒரு சைக்கிள், நகர்த்த ஒரு சைக்கிள். ஆகவே ஓர் இன்புட் இரண்டு சைக்கிளுக்கு ஒன்று என்பதைவிட வேகமாகக் கொடுக்காது. ஒரு பொருளுக்கு ஐந்து பாதரசம் என்றால், பாதரச இன்புட் ஒன்றை வைத்துக்கொண்டு லூப் 10க்குக் கீழே போக வழியில்லை. எந்தப் புதிரையும் கசக்கத் தொடங்கும் முன் இந்தக் கீழ் வரம்பைக் கணக்கிடுங்கள்: ஒரே இன்புட்டிலிருந்து ஒரு பொருளுக்கு அதிகபட்சம் எத்தனை முறை எடுக்க வேண்டுமோ அதன் இரு மடங்கு. உங்கள் லூப் அந்த எண்ணைத் தொட்டுவிட்டால் அந்தப் பக்கம் தோண்டுவதை நிறுத்தலாம். டூப்ளிகேஷன் போன்ற கிளிஃப் கிடைத்து, எடுக்கும் தடவையே குறைந்தால்தான் வரம்பு இறங்கும். பியூரிஃபிகேஷன் வழியில் மட்டும் போனால் ஒரு தங்கத்துக்கு 32 ஈயம், அதாவது லூப் 64. கணக்குப் போட்டுவிட்டால் அந்தப் பாதையில் கால் வைக்கவே மாட்டீர்கள்.

10ஐ நெருங்க, இன்புட்டுக்கும் கிளிஃபுக்கும் இரு பக்கமும் ஒவ்வொரு பாதரசக் கை வையுங்கள். ஒன்று வலமாகவும் மற்றது இடமாகவும் சுற்றும். இரண்டாவதன் டேப்பை இரண்டு சைக்கிள் தள்ளித் தொடங்கினால் 3, 5, 7, 9 என்று பாதரசம் விழுந்துகொண்டே இருக்கும். கூடுதல் விலை 20. ஆனால் இப்போது காத்திருக்க நேரமில்லை: பழையது கரையும் முன் அடுத்தது வந்தால் கிளிஃபின் மேலேயே முட்டும். மேலே கணக்கிட்ட ஈயக் கை 20இல் கிளிஃபை விட்டு 25இல் திரும்புகிறது. அந்த இடைவெளியில் ஒன்றுக்கு மேற்பட்ட பாதரசம் வந்துவிடும். ஆகவே ஈயப் பக்கமும் இரண்டாவது கை வேண்டும், அல்லது தங்கத்தை எடுத்துச் செல்வதும் ஈயத்தைக் கொண்டுவருவதும் ஒரே சுழற்சியில் நடக்கும்படி பல கிரிப்பர் உள்ள கை வேண்டும். நெரிசல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுவது இயல்பு. ஒவ்வொரு முறையும் எந்த டேப் நீளமானது என்று பார்த்து, அந்த ஒன்றில் மட்டும் கை வையுங்கள். மற்ற கைகளில் செய்யும் சிக்கனம் கண்ணுக்கு அழகு, எண்ணுக்கு ஒன்றுமில்லை.

லூப் வரம்பைத் தொட்டபின் தொடக்கத்தைப் பாருங்கள். முதல் சைக்கிளிலேயே கை இன்புட்டின் மேல் நிற்கும்படி வைக்கலாம். டேப் ரொட்டேட்டில் தொடங்கினால் அந்த ரொட்டேட்டைக் கடைசிக்குக் கொண்டுபோய், கையின் தொடக்கத் திசையை மாற்றி வையுங்கள். சுற்று அதே, தொடங்கும் இடம் மட்டும் வேறு. ஆறாவது பொருள் விழுந்த கணத்தில் எண்ணுவது நின்றுவிடுவதால், அவுட்புட்டில் விடுவதற்குப் பின் எவ்வளவு நீளமான திரும்பல் இருந்தாலும் கடைசிச் சுற்றில் அது இலவசம். இரண்டு அவுட்புட் உள்ள புதிரில் பின்னால் முடிவதுதான் மொத்தத்தைத் தீர்மானிக்கும். முந்தி முடிவதை மேலும் முந்த வைத்துப் பயனில்லை.

அறிகுறி: ஒன்றும் மாற்றவில்லை, லூப் திடீரென நீண்டுவிட்டது

ரிப்பீட்டைச் சந்தேகியுங்கள். அது தனக்கு முந்தைய கட்டளைகளை, இடையில் விட்ட வெற்றிடத்தோடு சேர்த்துப் பிரதி எடுக்கும். முன்பகுதியில் ஒரு தாமதம் செருகினால் ஒவ்வொரு பிரதியிலும் அது சேரும்: ஐந்து முறை ஓடும் பகுதியில் ஒரு வெற்றிடம் என்றால் ஐந்து சைக்கிள். ரீசெட்டும் இதே மாதிரி, கை தொலைவாகப் போகும்படி முன்பகுதியைத் திருத்தினால் தானாக நீளும். கடைசிக் கட்டத் திருத்தத்தில் இரண்டையும் தனித்தனிக் கட்டளைகளாக விரித்து எழுதிவிட்டால் எது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

எதிர்மாறான சிக்கலும் வரும். மிக நீளமான டேப்பைச் சுருக்கியதும் சுற்று சீக்கிரம் திரும்பி, இன்னும் காலியாகாத கட்டத்தில் முட்டும். அப்போது லூப்பை வேண்டுமென்றே ஒரு சைக்கிள் நீட்ட பீரியட் ஓவர்ரைடு கட்டளை இருக்கிறது: எதையும் செய்யாது, நீளத்தில் மட்டும் சேரும். டேப்பின் வாலில் வெறும் இடம் விட்டால் அது எண்ணப்படாது என்பதால் இதுவே நேரான வழி.

அறிகுறி: சைக்கிள் நன்றாக இருக்கிறது, விலையோ ஏரியாவோ எகிறுகிறது

மூன்றையும் ஒரே இயந்திரத்தில் வெல்ல முயல வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் தனித் தீர்வு சேமியுங்கள். விலைக்கு: ஒற்றைக் கை 20, பல கிரிப்பர் கை 30, பிஸ்டன் 40, தண்டவாளம் கட்டத்துக்கு 5. ஒரே ஒற்றைக் கையைத் தண்டவாளத்தில் ஓடவிட்டால் இரண்டாவது கையின் விலைக்கு நான்கு கட்டம் கிடைக்கும். நான்குக்குமேல் தண்டவாளம் தேவைப்பட்டால் இரண்டாவது கையே மலிவு. மல்டி பாண்டிங் 30, சாதாரண பாண்டிங் 10. மூன்று பிணைப்பையும் ஒரே பாண்டிங் கிளிஃபில் திருப்பித் திருப்பிப் போட்டால் 20 மிச்சம், சைக்கிள் போகும்.

ஏரியாவில் அணு போன கட்டம் மட்டுமல்ல, கை வீசிய கட்டமும் சேர்கிறது. நீளம் 3 உள்ள கையை 1க்குக் குறைத்தாலே எண் சரியும். கை 300 பாகை சுற்றி ஒரு வேலை செய்கிறது என்றால், எதிர்த்திசையில் 60 பாகை போனால் ஆகுமா என்று பாருங்கள். சைக்கிளும் நான்கு குறையும்.